நான் கேட்காமல் விட்ட கேள்வி

எங்கள் வீட்டில் ஆங்கிலம் என்னுடைய வேலை. டொக்டரிடம் போனாலும், லோயரின் கடிதம் வந்தாலும், குழாய் ஒழுகினாலும் அம்மா என்னைத்தான் முன்னால் தள்ளுவார். எனக்குப் பத்து வயது. இந்த உத்தியோகத்தில் எனக்கு அப்போதே அலுப்புத் தட்டியிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் அகதிகளாக வந்து குடியிருந்த சென் ஜேம்ஸ் ரவுணில், எங்கள் மாடிக் கட்டடத்தின் இரண்டு லிஃப்டும் பழுது. பதினொரு மாடி ஏறி, மூச்சிரைக்க ஒரு பிலிப்பினோ அன்ரி வந்து நின்றார். ஹோட்டல் படுக்கை விரிப்புகளைத் தோய்த்து மடிக்கும் தொழிற்சாலையில் அம்மாவோடு ஒரே மேசையில் வேலை செய்பவர். அங்கே யூனியன் தொடங்கப் போகிறார்களாம். விருப்பமென்றால் அம்மா ஒரு கார்டில் கையெழுத்து வைக்க வேண்டும்.

அம்மா வீங்கிய கால்களை வெந்நீர் வாளிக்குள் வைத்தபடி இருந்தார்.

"வேலையால நிப்பாட்டுவினமோ எண்டு கேள் பிள்ளை."

கேட்டேன். அதற்காக நிறுத்துவது சட்டப்படி குற்றம், ஆனாலும் வெருட்டிப் பார்ப்பார்கள் என்றார் அன்ரி.

"நான் கையெழுத்து வைச்சது முதலாளிக்குத் தெரிய வருமோ?"

கார்டை முதலாளிக்குக் காட்ட மாட்டார்கள்.

"ஸ்ட்ரைக் எண்டு சினோ கொட்டுற குளிருக்க நிக்க விடுவினமோ?"

அதையும் நீங்களே வாக்குப் போட்டுத்தான் முடிவெடுப்பீர்கள்.

அம்மா குரலைத் தாழ்த்தினார்.

"எங்கட கேஸ் இன்னும் முடியேல்ல. இதில சேர்ந்தால் எங்களைத் திருப்பி அனுப்புவினமோ? அதையும் கேள்."

எங்கள் அகதிக் கேஸ் சரிவந்தால்தான் கொழும்பில் நின்ற அப்பாவைக் கூப்பிடலாம். எனக்கு வாய் வரவில்லை. வெளி ஆளுக்கு முன்னால் அதைக் கேட்க வெட்கமாக இருந்தது. ஓம், அனுப்புவார்கள் என்று அன்ரி சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அதைவிடப் பெரிது. அன்ரியிடம் "தண்ணீர் குடிக்கிறீர்களா" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் சிரித்துத் தலையை ஆட்டி, வேண்டாம் என்றார்.

"இல்லையாம்" என்றேன் அம்மாவிடம்.

அம்மா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துவிட்டுக் கையெழுத்து வைத்தார்.

அடுத்த ஒன்பது மாதமும் தபால் பெட்டியை நான்தான் திறந்தேன். அரசாங்க உறை எது வந்தாலும் அம்மா காணுமுன் பிரித்து வாசித்துவிடுவேன். தொழிற்சாலையில் அம்மாவின் வேலை நாட்களை வாரத்துக்கு இரண்டாகக் குறைத்தார்கள். அது என் பொய்க்கு வந்த தண்டனையென்றே நம்பினேன். வாக்கெடுப்பில் யூனியன் வென்றது. நாட்களும் மெல்லத் திரும்பி வந்தன. கேஸும் சரிவந்தது. யூனியனில் சேர்வதற்கும் கேஸுக்கும் தொடர்பே இல்லை என்பது வளர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

போன வருடம், அம்மாவின் முழங்கால் சத்திரசிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் காத்திருக்கும்போது இதைச் சொன்னேன்.

"தெரியும்" என்றார். "தண்ணி குடிக்கிறியளோ எண்டது கூடவா எனக்கு விளங்காது?"

"தெரிஞ்சும் ஏன் கையெழுத்து வைச்சனீங்கள்?"

அம்மா கண்களை மூடிக்கொண்டார். "களைச்சுப் போனன் பிள்ளை. இல்லை எண்டு ஆராவது சொன்னால் போதும் போல கிடந்தது. நீ சொன்னாய்."