வாசனைப் பதிவேடு

எனக்கு வாசனை தெரியாது. பிறவியிலேயே அப்படி இல்லை. ஊரே காய்ச்சலில் படுத்துக் கிடந்த அந்த வருஷம் நானும் படுத்தேன். எழுந்தபோது காய்ச்சல் போயிருந்தது, கூடவே வாசனையும் போயிருந்தது. மற்றவர்களுக்கு ஒரு மாதத்தில் திரும்பி வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. இன்று வரும், நாளை வரும் என்று இரண்டு வருஷத்தை யாரிடமும் சொல்லாமலே ஓட்டிவிட்டேன்.

சொல்லாததற்குக் காரணம் என் தொழில். திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கேஸ் அடுப்பு ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். கேஸ் கசிவதை முகர்ந்து பார்க்கத் தெரியாத மெக்கானிக்கை எவன் வீட்டுக்குள் விடுவான்? கசிவைக் கண்டுபிடிக்க சோப்பு நுரை போதும், அதுதான் சரியான முறையும்கூட. ஆனால் நம் ஆட்களுக்கு நுரையில் நம்பிக்கை கிடையாது. மெக்கானிக் குனிந்து, மூக்கை நீட்டி, இரண்டு தடவை உறிஞ்சி, "ஒன்னும் இல்லைங்க" என்று சொன்னால்தான் அவர்களுக்கு அடுப்பைப் பற்றவைக்கத் தைரியம் வரும். அதனால் நுரையும் போடுவேன், மூக்கையும் உறிஞ்சுவேன்.

என் மனைவியிடமும் சொல்லவில்லை. அதற்குக் காரணம் அவள் மூக்கு. அவள் அடி அண்ணாமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவள். பருப்பு வெந்ததா, சாதம் அடிப்பிடிக்கப் போகிறதா என்பதை மூடியைத் திறக்காமலே சொல்லிவிடுவாள். வீட்டில் உட்கார்ந்தபடியே, எதிர்வீட்டில் நேற்று வைத்த மீன் குழம்பை இன்று சுடவைக்கிறார்கள் என்பாள். அப்படிப்பட்டவளிடம் போய், உன் ரசம் எனக்கு வெறும் வெந்நீராக இறங்குகிறது என்று எப்படிச் சொல்வது? தினமும் தட்டின் முன்னால் உட்கார்ந்ததும், "வாசனை தெருமுனை வரைக்கும் தூக்குது" என்பேன். அவள் முகம் மலரும். அந்தப் பொய்யில் எனக்குக் கொஞ்சம்கூட வருத்தம் இருந்ததில்லை.

அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தியானம். செங்கம் ரோட்டில் ஒரு மாடியில், ஜன்னலைத் திறந்தால் மலை தெரிகிற ஹால். இருபது பேர் வருவார்கள். நடத்துகிறவர் அரசாங்க அலுவலகம் ஒன்றில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் அவரை ஐயா என்பார்கள். ஓய்வு அவருக்குத்தான், அவர் கைக்கு இல்லை. ஒரு பதிவேடு வைத்திருந்தார். தியானம் முடிந்ததும் ஒவ்வொருவராக எழுந்து, உட்கார்ந்திருந்தபோது என்ன வாசனை வந்தது என்று சொல்ல வேண்டும். தேதி, பெயர், வாசனை, எத்தனை நிமிஷம், குறிப்பு என்று கட்டம் போட்டு எழுதிக்கொள்வார். மல்லிகை வந்தால் ஆரம்ப நிலை. சந்தனம் வந்தால் நடு நிலை. தாழம்பூவும் பச்சைக் கற்பூரமும் மேல் நிலை. யார் இந்தப் படிகளை வகுத்தது என்று கேட்டால், "அனுபவத்துல வந்தது" என்பார்.

வருகிற வாசனை கலப்படமில்லாததாக இருக்க வேண்டும் என்பதற்காக ஹாலில் ஊதுபத்திக்குத் தடை. பூவுக்கும் பவுடருக்கும் வாசனை எண்ணெய்க்கும் தடை. ஐயாவே படியின் மேல் நின்று ஒவ்வொருவரையும் முகர்ந்து பார்த்துத்தான் உள்ளே விடுவார். ஒருமுறை ஒரு பேராசிரியரை, காலையில் மசால் வடை சாப்பிட்டுவிட்டு வந்ததாகச் சொல்லி, திருப்பி அனுப்பியிருக்கிறார்.

இந்தப் பதிவேட்டில் என் மனைவியின் பெயருக்கு எதிரே ஒன்பது வருஷமாக ஒரே வார்த்தைதான். "இல்லை." ஊரிலேயே கூர்மையான மூக்கு அவளுடையது. அவளுக்கு மட்டும் எதுவும் வரவில்லை. வாராவாரம் எழுந்து, தலையைக் குனிந்து, "இல்லைங்க" என்று வாய்க்குள்ளேயே சொல்லிவிட்டு உட்காருவாளாம்.

நான் அவளை வண்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டு, கீழே டீக்கடையில் பேப்பர் படிப்பவன். ஒரு ஞாயிறு மழை பிடித்துக்கொண்டது. ஐயா மேலே கூப்பிட்டார். போய் உட்கார்ந்தேன். கண்ணை மூடி, அன்று எந்தெந்த அடுப்புக்கு பர்னர் மாற்ற வேண்டும் என்று வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். முடிந்ததும் என் முறையும் வந்துவிட்டது.

"உங்களுக்கு என்ன வந்துச்சு?" என்றார் ஐயா.

எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தவர் வீட்டு அடுப்பை முந்தின நாள்தான் முகர்ந்து பார்த்து, ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். அவர் என்னையே பார்த்தார். வாசனை வரவில்லை என்று சொன்னால் என் மூக்கின் கதை அங்கேயே வெளிப்பட்டுவிடும் என்று ஒரு முட்டாள் பயம்.

"சந்தனம்ங்க" என்றேன்.

ஹாலில் சலசலப்பு. முதல் நாளிலேயே நடு நிலை! ஐயா சிவப்பு பேனாவை எடுத்து அடிக்கோடு போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"ஒன்பது வருஷமா ஒரு வாரம் விடாம போறேன். உங்களுக்கு மழைக்கு ஒதுங்கினதுக்கே வந்துடுச்சு."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அடுத்த வாரம் ஐயா ஆளனுப்பிக் கூப்பிட்டார். போனேன். ஒருமுறை சந்தனம் என்று சொன்னவன் மறுவாரம் ஒன்றுமில்லை என்றால் என்ன நினைப்பார்கள்? தாழம்பூ என்றேன். அதற்கடுத்த வாரம் பச்சைக் கற்பூரம். வயதில் பெரியவர்கள் என்னைப் பார்த்து எழுந்து நின்றார்கள். காலையில் முதல் ஆளாக வந்து பாய் விரிக்கும் பொறுப்பை எனக்குக் கொடுத்தார்கள். அது மேல் நிலைக்கு வந்தவர்களுக்கு மட்டுமாம்.

நான் ஏற ஏற அவள் இறங்கிக்கொண்டிருந்தாள். வெங்காயத்தை விட்டாள். பூண்டை விட்டாள். காலையில் இரண்டு தடவை குளித்தாள். தரையில் படுத்தாள். ஒரு வெள்ளிக்கிழமை அரிசி களைந்துகொண்டே சொன்னாள்:

"இந்த ஒரு வாரம் வரேங்க. அப்புறம் நீங்க மட்டும் போய்ட்டு வாங்க. எனக்குள்ள ஏதோ அழுக்கு இருக்கு போல. இல்லைன்னா அத்தனை பேருக்கும் வந்தது எனக்கு மட்டும் ஏன் வரல?"

எண்பது பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டுவிட்டு, கடைசிப் பிள்ளை கை கழுவிய பிறகு சாப்பிடுகிறவள். அவளுக்குள் அழுக்காம். நான் சொன்ன ஒரு பொய், ஒரு மனுஷியைத் தன்னைத்தானே தேய்த்துக் கழுவ வைத்துவிட்டது.

ஒரு புத்திசாலி அன்றே உண்மையைச் சொல்லியிருப்பான். நான் அத்தர் வாங்கப் போனேன்.

கடைக்காரர் என் மணிக்கட்டில் ஒரு சொட்டுத் தடவி, "எப்டி இருக்குங்க?" என்றார். முகர்ந்து, "ஆஹா" என்றேன். இன்னொன்று தடவினார். "ஆஹா" என்றேன். ஐந்தாவது ஆஹாவில் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. "எதுதான் வேணும்?" என்றார். "மல்லிகை. ஜாஸ்தி தூக்கறதா குடுங்க" என்றேன். ஆரம்ப நிலையில் தொடங்குவதுதான் முறை அல்லவா. லேபிள் இல்லாத சின்னக் குப்பியில் ஊற்றிக் கொடுத்தார்.

ஐயாவின் மூக்கைத் தாண்ட வேண்டுமே. குப்பியை பால் கவருக்குள் வைத்து, வாயைச் சுற்றி முடிச்சுப் போட்டு, அதை இன்னொரு கவரில் போட்டு பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன். ஞாயிறு காலை முதல் ஆளாகப் போனேன். ஐயா முகர்ந்து பார்த்து உள்ளே விட்டார். மனைவி எப்போதும் உட்காரும் இடத்தில் பாயைத் தூக்கி, அடியில் பஞ்சை வைத்து, குப்பியைத் திறந்து ஊற்றினேன். எவ்வளவு போதும் என்று எனக்கு எப்படித் தெரியும்? கம்மியாகப் போய்விடக் கூடாதே என்று முழுவதையும் கவிழ்த்தேன்.

தியானம் தொடங்கி இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பிறகு இன்னொருவர். பத்து நிமிஷத்தில் ஹால் முழுக்க உறிஞ்சல். ஒரு அம்மாவுக்குத் தும்மல். என் எதிரே இருந்தவர் கண்ணில் தண்ணீர் வழிந்தது. ஐயா கண் திறந்து, நடுங்கும் குரலில் சொன்னார்:

"மலை மூலிகை! சித்தருங்க நடமாட்டம்!"

ஆளாளுக்கு எழுந்தார்கள். எனக்கும் வந்துச்சு, எனக்கும், நெஞ்சு வரைக்கும் இறங்கிச்சு, ஒரு மாசமா இருந்த சளி கரைஞ்சுடுச்சு! மல்லிகை என்று ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. மனைவியின் முறை வந்தபோது அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "இல்லைங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "முட்டிக்குப் போடற நீலகிரித் தைலத்தை எதுக்கு என் பாய்க்கு அடியில ஊத்தினீங்க?"

"தைலமா? மல்லிகை இல்லையா?"

கேட்ட பிறகுதான் மாட்டிக்கொண்டது தெரிந்தது. குந்திக் குந்தி வேலை செய்து தேய்ந்த என் முட்டிக்காக, அவளே பெரிய பாட்டிலிலிருந்து ஒரு சின்னக் குப்பியில் ஊற்றிக் கொடுத்திருந்தாள். இரண்டு குப்பியும் அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு, "தியானத்துல உட்கார்ற மாதிரி உட்காருங்க. கண்ணை மூடுங்க" என்றாள்.

உட்கார்ந்தேன். சமையலறையில் டப்பாக்கள் திறக்கும் சத்தம். மூக்குக்குக் கீழே எதையோ நீட்டினாள்.

"இது என்ன?"

"காபித்தூளா?"

"பெருங்காயம். இது?"

"சந்தனம்?"

"எலுமிச்சை ஊறுகாய். இது?"

"மல்லிகை" என்றேன், ஒரு நப்பாசையில்.

"பினாயில்" என்றாள்.

கண்ணைத் திறந்தேன். பினாயில் பாட்டிலோடு என் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். காய்ச்சல், கடை, மழை, சந்தனம், அத்தர். கேட்டு முடித்துவிட்டு அவள் தியானத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

"அப்ப, என் ரசம்?"

"இரண்டு வருஷமா தெரியல."

"தெருமுனை வரைக்கும்னு சொன்னீங்களே!"

"சும்மா சொன்னேன்."

பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். நான் ஏமாற்றியதற்காக அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். "இரண்டு வருஷமா வாசனையே இல்லாம எப்டிங்க சாப்டீங்க? எனக்குச் சொல்லக் கூடாதா?" என்றாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. அதுவரை என் மூக்குக்காக நானே அழுததில்லை.

அந்த வாரம் முழுக்க அவள் இரண்டாவது குளியல் குளிக்கவில்லை. ஞாயிறு காலை, "வாங்க, போய் உண்மையைச் சொல்லிட்டு வரலாம்" என்றாள்.

தியானம் முடிந்து என் முறை வந்தபோது எழுந்து கை கூப்பினேன். கடை போனால் போகட்டும் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"ஐயா, எனக்கு மூக்கே வேலை செய்யாதுங்க. இரண்டு வருஷமாச்சு. டாக்டர் சீட்டு வேணும்னாலும் வாங்கித் தரேன்."

ஐயா கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டுக்கொண்டார்.

"மூக்கு இல்லாமலே சந்தனம் வந்திருக்கு" என்றார் மெதுவாக. "இதைவிட ஆதாரம் எங்க கிடைக்கும்?"

"வரவே இல்லைங்க. பொய் சொன்னேன்."

"குறிப்புல எழுதிக்கறேன்" என்றார் ஐயா. எழுதிக்கொண்டே வாய்விட்டுச் சொன்னார்: "அடக்கம்."

"போன வாரம் வந்தது என் முட்டிக்குப் போடற தைலம்ங்க!"

பின்னாலிருந்து பேராசிரியர் கேட்டார், "தைலம் எதுலேர்ந்து வருது? மரத்துலேர்ந்து. மரம் எங்க இருக்கு? மலை மேல."

எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு அம்மா என் காலைத் தொட்டுவிட்டார். நான் ஒவ்வொரு உண்மையாகச் சொல்லச் சொல்ல, ஐயா சிவப்பு பேனாவால் கோடு போட்டுக்கொண்டே போனார். கடைசியில் பதிவேட்டில் எனக்கென்று தனிப்பக்கமே ஒதுக்கினார். நான் திகைத்துப்போய் உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்தது என் மனைவி. ஐயா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இல்லை" என்ற வார்த்தையை எழுத ஏற்கெனவே பேனாவை மாற்றியிருந்தார். அவள் எழுந்தாள். தலையைக் குனியவில்லை. ஹாலின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கிற குரலில், பந்தியில் சாம்பார் வேண்டுமா என்று எண்பது பிள்ளைகளைக் கேட்கிற அதே குரலில் சொன்னாள்:

"ஒன்னும் வரலைங்க. எனக்கு மூக்கு நல்லா இருக்கு."

ஐயாவின் பேனா அப்படியே நின்றது.

"அடுத்த வாரமும் வருவேன்" என்றாள் அவள். "என் இடத்தை யாருக்கும் குடுத்துடாதீங்க."