வெள்ளை சோப்பில் விழுந்த கை

நாலாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஆனாலும் என் வீட்டுப் பின்னறையில் நான் கிண்டிய சோப்பைத் தேடி ஊரே வந்தது. இங்கே எழுதுவது என் தங்கையைப் பற்றி. என்னைப் பற்றி எழுத ஒரு புத்தகம் போதாது.

சாயமும் வாசனையும் அவள் பொறுப்பு. நீலம் சாம்பலாகத் திரிந்தாலும், ரோஜா எண்ணெய் விட்டதும் கலவை கல்லாக இறுகினாலும், முகர்ந்தே காரணம் சொல்லிவிடுவாள். ‘மூக்கி’ என்று பட்டம் வைத்தவனும் நான்தான்.

சென்ற மழைக்காலத்தில், வாசனையே சேர்க்காத வெள்ளை சோப்பில் பழுப்புக் கறை வந்தது. வெட்டி அடுக்கிய ஆறாம் நாள் ஒரு கட்டியில் கோடு, இன்னொன்றில் வளைவு. தங்கை கட்டிகளை வெட்டிய வரிசைப்படி சேர்த்து வைத்தாள். விரித்த கை ஒன்று தெரிந்தது.

“யாருண்ணே தொட்டது?”

“பேய்தான். குளிச்சிட்டுப் போக வந்திருக்கும்.”

அவள் சிரிக்கவில்லை. தன் கையை அதன்மேல் வைத்தாள். அவள் விரல்களைத் தாண்டியும் கறை தெரிந்தது.

அறையைப் பூட்டி, ஊற்றும் நேரத்துக்கு மட்டும் நானே திறந்துவிட்டேன். அடுத்த வாரமும் ஒரு கை வந்தது. நாளாக ஆகக் கறுத்தது.

“நான்தான் எனக்கே தெரியாம செய்றேனோ? அம்மாவுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சுது?” என்றாள்.

எங்கள் அம்மா கடைசிக் காலத்தில், தான் செய்த எதையும் தான் செய்ததாக அறியாமலே இருந்தார். அன்றிலிருந்து தங்கை இரண்டு கைகளையும் மடியில் புதைத்தே உட்கார்ந்தாள்.

படிக்காதவனுக்கும் மூக்கு உண்டு. கறையைச் சுரண்டி முகர்ந்தேன். வெனிலா! காற்றுப் பட்டால் அது சோப்பைப் பழுப்பாக்கும். அவளிடம் நீட்டினேன்.

“ஒரு வாசனையும் வரலையேண்ணே” என்றாள் மூக்கி.

மறுநாள் காலை ஊற்றும்போது அறை வாசலில் நின்று பார்த்தேன். வெனிலா சோப்பை முடித்தாள். அதே கையுறையோடு வெள்ளைக் கலவையை அச்சில் ஊற்றித் துணி போர்த்தினாள். பிறகு, பிள்ளையைத் தூங்க வைப்பதுபோலத் துணியைத் தட்டினாள். கடைசியில் கையை அழுத்தி வைத்தபடி சுவரையே பார்த்தாள். கையுறையில் இருந்த எண்ணெய் துணி வழியே இறங்கிப் பரவி, கையைப் பெரிதாக்கியிருக்கிறது.

“இப்ப என்ன செஞ்சே?”

“ஊத்தினேன், மூடினேன். ஏன்?”

அவள் முகத்தில் ரத்தமே இல்லை. எழுபது வயதுவரை ‘என் தப்பு’ என்று சொல்லிப் பழகாத வாய் என்னுடையது.

“கண்டுபிடிச்சிட்டேன். நான்தான். வெனிலா பட்ட கையோட, சூடு இருக்கான்னு துணியை அமுக்கிப் பார்த்திருக்கேன்.”

“நீயா! பூட்டிச் சாவியையும் இடுப்புல சொருகிக்கிட்டு! பெரிய மேதை!” கண்ணில் நீர் வரச் சிரித்தாள். “இனிமே இங்க கால் வைக்காதே. வெளியவே நில்லு.”

நின்றேன். அடுத்த வாரம் ஊற்றும்போது கதவுக்கு இப்பாலிருந்து, “கையுறையை மாத்திக்கோ” என்றேன்.

“நீ செஞ்ச தப்புக்கு நான் ஏன் மாத்தணும்?”

உள்ளே தட், தட், தட் என்று கேட்டது. பிறகு வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை.