எட்டாவது மாடியில் எங்கள் ஒய்பி

தேர்தலில் தோற்ற மறுவாரம் எங்கள் ஒய்பி பிரிக்பீல்ட்ஸ் சேவை மையத்துக்கு ரயிலில் வந்தார். தேர்தலில் வென்ற மக்கள் பிரதிநிதியை, மாண்புமிகு என்ற பொருளில், எங்கள் நாட்டில் ஒய்பி என்றுதான் அழைப்போம். நிலைய வாசலில் பயண அட்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றதை அவரே சொல்லிச் சிரித்தார். நான் உதவியாளராகச் சேர்ந்தபோது அவர் சட்டமன்ற உறுப்பினர். பிறகு நாடாளுமன்றம், துணையமைச்சர் பதவி. அவருடைய நாடாளுமன்றப் பேச்சுகளில் பாதியை நான்தான் தட்டச்சு செய்தேன். இன்று ஒன்றும் நினைவில் இல்லை. நினைவில் நிற்பதெல்லாம் அதற்குப் பிறகு நடந்ததுதான்.

சில மாதங்களில் கட்சி அவரைக் கிள்ளானில் நகராண்மைக் கழக உறுப்பினராக நியமிக்க முன்வந்தது. இளம் வயதில் அவர் அரசியலைத் தொடங்கிய அதே பதவி. துணையமைச்சராக இருந்தவருக்குக் கவுன்சிலர் வேலையா என்று கட்சிக்காரர்களே சிரித்தார்கள். அவருடைய மனைவி என் எதிரிலேயே கேட்டார், "ஊரு என்னங்க பேசும்?"

"வீட்டுல சும்மா உக்காந்திருந்தா மட்டும் பேசாதா?" என்று சொல்லி ஏற்றுக்கொண்டார். அதில் தியாகம் ஏதும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அரசியலைத் தவிர அவருக்கு வேறொன்றும் தெரியாது.

அவருக்கு ஒதுக்கிய பகுதியில் ஓர் அடுக்குமாடி. லிஃப்ட் பழுதாகிக் கிடந்தது. எட்டாவது மாடி ஆன்டியின் கணவர் டயாலிசிஸுக்குப் போகும் நாளெல்லாம் அக்கம்பக்கத்தார் அவரை நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். ஒய்பி மாடிக்கு மாடி நின்று, மூச்சு வாங்கி ஏறிப் போனார். கதவைத் திறந்த ஆன்டி, "மந்திரியா இருந்தப்ப தீபாவளிக்கு வந்தீங்க லா. கீழ மேடை போட்டு மாலை போட்டோம். அப்பவும் லிஃப்ட் ஓடல. நீங்க மேல வரல," என்றார். குரலில் கோபம் இல்லை.  கொடுத்த தண்ணீரை ஒய்பி குடித்துவிட்டு, நோயாளியின் பக்கத்தில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அதன்பின் கூட்டத்துக்குக் கூட்டம் அந்த லிஃப்டைப் பற்றியே பேசினார். ஒருகாலத்தில் அவரைக் கண்டதும் எழுந்து நின்ற அதிகாரிகள் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொறியாளர் அறைக்கு வெளியே காத்திருந்த நாட்களில் நான்தான் கூசிப்போனேன். அவர் நாளிதழ் படித்தார். ஏறக்குறைய ஓராண்டு இழுத்தடித்து, புது லிஃப்ட் வந்தது.

திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டியவர் தொகுதியின் இளம் சட்டமன்ற உறுப்பினர். எங்களவர் மோட்டார் சைக்கிள்கள் நின்ற ஓரத்தில் நின்றார். கணவரின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்த ஆன்டி, "ஒய்பி!" என்றார். இளையவர் திரும்பிப் பார்த்தார்.

"நான் இப்ப ஒய்பி இல்லம்மா. அவருதான்," என்றார் எங்களவர்.

"சரி அண்ணே. வாங்க, இவர மேல கொண்டு போவோம்."

மூவரும் ஏறினார்கள். கதவு மூடியது. கீழே பேச்சு தொடங்கியது, கைதட்டல் வந்தது, மீகோரெங் நூடுல்ஸ் பொட்டலங்கள் தீர்ந்தன. பந்தலைப் பிரித்து லோரியில் ஏற்றும்வரை அவர் இறங்கி வரவில்லை.