சத்தம் போட்ட புளோவர்

எங்கள் காருக்கு இரண்டே சீட். தேயிலைத் தோட்டங்களைச் சர்க்கார் எடுத்த காலத்தில் சீமைக்குக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரத் துரை, கோழி அடையும் கொட்டகையில் விட்டுவிட்டுப் போன ஸ்போர்ட்ஸ் கார் அது. சிவப்பு நிறம் என்று நான் சொல்வேன். செங்கல் நிறம் என்பாள் என் மனைவி. நகரசபைக் கிளாக்கர் ஒருவன் இப்படி ஒரு வண்டியை வாங்கியதற்காக என் அக்கா என்னை மன்னிக்கவே இல்லை. கணவரை இழந்த பிறகு அக்கா கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலையில் எங்களோடுதான் இருந்தாள். "ஆச இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுத மேய்க்க" என்று காரைப் பார்க்கும்போதெல்லாம் சொல்லுவாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. "ரெண்டு பேருக்கு ரெண்டு சீட்டு போதும்தானே மதினி" என்று என் மனைவி சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பு எனக்கு வலித்தது, ஆனாலும் வண்டியை வாங்கினேன்.

அதில் ஒரு புளோவர் இருந்தது, டாஷ்போர்டின் அடியில் காற்றூதும் பெட்டி. நுவரெலியாக் குளிருக்குக் காலில் சூடு படவேண்டும் என்று துரை கேட்டு வாங்கியிருப்பார். குண்டசாலையில் எவனுக்கு வேண்டும் சூடு? எஞ்சினிலிருந்து வரும் சுடுதண்ணீர்க் குழாயை அடைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அது வெறும் காற்றை ஊதியது. முன்கண்ணாடியின் அடியில் நீளமாக ஒரு கீறல் மாதிரி ஓட்டை. அதன் வழியாகக் கொஞ்சம், கால்பக்கமாகக் கொஞ்சம். மழை நாளில் மேலே துணி ஹூட்டை இழுத்து மூடினால் கண்ணாடியில் ஆவி படியும், அதற்கு நல்ல உபகாரம். ஆனால் சத்தம் இருக்கிறதே, அரிசி மில்லுக்குள் உட்கார்ந்திருப்பது போல. சுவிட்சைப் போட்டால் பக்கத்தில் இருப்பவரோடு பேச முடியாது.

வெள்ளிக்கிழமைதோறும் என் மனைவி பிள்ளையார் கோவிலிலிருந்து பூச்சரம் கொண்டுவந்து முன்கண்ணாடியின் அடியில் வைப்பாள், சரியாக அந்த ஓட்டையின் மேல். விபூதியும் கொஞ்சம் தூவுவாள்.

"காத்து வர்ற ஓட்ட அது. ஏன் அதுல கொண்டு போய் வைக்கிற?" என்பேன்.

"புள்ளையாருக்கும் கொஞ்சம் காத்து வரட்டுங்க. பாவம், அவருக்கு மட்டும் வேர்க்காதா?"

அடுத்த வெள்ளிக்கிழமை புதுச்சரம் வைக்க வரும்போது பழையது பாதிதான் இருக்கும். மீதி எங்கே போனது என்று நாங்கள் இருவருமே யோசித்ததில்லை.

பிறகு அவளுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். வெட்டி எடுத்தார்கள். எடுத்த பிறகும் செவ்வாய்க்கிழமைதோறும் கண்டி பெரியாஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள். எங்கள் காரின் ஸ்பிரிங் கட்டை மாதிரி. தரைக்கு ஒரு சாண் மேலே உட்கார்ந்து போகவேண்டும். நோயாளியை அதில் ஏற்றுவதா? நல்ல சலூன் கார் ஒன்றை வாடகைக்குப் பிடிக்கிறேன் என்றேன். அக்காவும் கூடவே வருகிறேன், மடியில் படுக்க வைத்துக்கொள்கிறேன் என்றாள்.

"வேணாங்க. நம்ம கார்லயே போவோம். எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு" என்றாள் என் மனைவி.

எனக்குப் பெருமையாக இருந்தது. என்ன இருந்தாலும் அவளுக்கு என் வண்டியின் மேல் ஆசைதான் என்று அக்காவிடம் பீற்றிக்கொண்டேன். அக்கா வாயைக் கோணிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஒவ்வொரு செவ்வாயும் கேட்டைத் தாண்டுவதற்குள் அவள் சொல்லுவாள்: "காத்து வரட்டும், போடுங்க." நான் புளோவரைப் போடுவேன். தென்னக்கும்புறப் பாலம் வரை மேடும் பள்ளமும், பாலம் தாண்டினால் வளைவும் ஏற்றமும். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, சேலைத் தலைப்பை வாயருகே பிடித்துக்கொண்டு வருவாள். எனக்கு அந்தச் சத்தம் மண்டையைப் பிளந்தது. நல்லாயிருக்கிற எனக்கே இப்படி என்றால், நோய்க்காரிக்கு எப்படி இருக்கும்? காற்று வேண்டும் என்பதற்காகத்தானே பாவம் பொறுத்துக்கொண்டு வருகிறாள்? அவளுக்கு என்னால் செய்ய முடிந்தது அப்போது மிகவும் குறைவு. இதையாவது செய்துவிடவேண்டும் என்று எனக்கு ஒரு வெறியே வந்துவிட்டது.

அவளிடம் சொல்லாமல் ஒரு சனிக்கிழமை அக்குறணைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். அங்கே பழைய மோட்டர் சாமான் விற்கும் முஸ்லிம் ஒருவர் எனக்குப் பழக்கம், நானா என்றுதான் கூப்பிடுவேன். சிறிது நேரம் காதை வைத்துக் கேட்டார். டாஷ்போர்டின் அடியில் இருவரும் மல்லாந்து படுத்து, ஒருவர் காலை ஒருவர் மிதித்து, பெட்டியைக் கழற்றி வெளியே எடுத்தோம்.

"மோட்டரு நல்லாத்தான் ஈக்குது சேர். உள்ளுக்கு என்னத்தயோ போட்டீக்கிறீங்க" என்றார்.

காற்றாடி தெரியவில்லை. காய்ந்த மல்லிகை, அருகம்புல், விபூதியும் ஈரமும் சேர்ந்து பிடித்த அடை. பூச்சரத்தின் வாழைநார் அச்சைச் சுற்றிச் சுற்றிக் கயிறாகக் கிடந்தது. அதுதான் இத்தனை நாளும் உரசியிருக்கிறது. நானா சிரித்தார், நானும் சிரித்தேன். வெள்ளைக்காரன் ஓட்டையை வைக்கும்போது நம்ம வெள்ளிக்கிழமையை நினைத்திருப்பானா? நாரைக் கத்தியால் அறுத்தோம். அச்சுக்கு எண்ணெய் விட்டோம். இனி பூ விழாதிருக்க ஓட்டையின் மேல் கொசுவலைக் கம்பித் துண்டு ஒன்றையும் பதித்துக் கொடுத்தார். சுவிட்சைப் போட்டால் ஓடுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. வரும் வழியெல்லாம் சீட்டியடித்துக்கொண்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை கேட்டைத் தாண்டும்போதே, "காத்து வரட்டும், போடுங்க" என்றாள்.

"போட்டாச்சு."

"சத்தத்தக் காணோமே?"

"கையை வச்சுப் பாரு."

அவள் ஓட்டையின் மேல் கையை வைத்தாள். காற்று அவள் விரல்களில் பட்டது. நான் நாரையும் பூவையும் பற்றி ஒரே மூச்சில் சொல்லி முடித்து, அவள் சிரிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க" என்று மட்டும் சொன்னாள்.

பாலத்தைத் தாண்டி முதல் வளைவில் ஏறும்போது மெல்லிய சத்தம் ஒன்று கேட்டது. இழுத்து இழுத்து, அச்சு உரசுவது போல. அதற்குள்ளேயே பழுதாகிவிட்டதா? நானாவை மனதுக்குள் திட்டிக்கொண்டே சுவிட்சை நிறுத்தினேன். காற்று நின்றது. சத்தம் நிற்கவில்லை.

திரும்பிப் பார்த்தேன். கண்ணை மூடி, சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள். நான் பார்ப்பது எப்படித் தெரிந்ததோ, சத்தம் டக்கென்று நின்றது. ஆஸ்பத்திரி வாசல் வரை அவள் மூச்சுக்கூட விடவில்லை போலிருந்தது. அப்படி அடக்கிக்கொண்டு வந்தாளே, அதைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேனே, அந்த ஏற்றத்தை நான் ஜென்மத்துக்கும் மறக்கமாட்டேன்.

அவளை உள்ளே விட்டுவிட்டு வந்து காரில் உட்கார்ந்தபோது ஒவ்வொன்றாக விளங்கியது. வீட்டில் குளிக்கப் போனால் குழாயை முழுவதும் திறந்துவிடுவாள். தண்ணீரை வீணாக்குகிறாள் என்று அக்கா சத்தம் போடுவாள். மத்தியானத்தில் ரேடியோவைக் கூட்டி வைப்பாள். வாடகைக் கார் என்றால் டிரைவர் இருப்பான். சலூன் கார் என்றால் அக்கா வருவாள். இரண்டே சீட்டுள்ள வண்டியில், காது அடைக்கும் சத்தத்தில், செவ்வாய்க்குச் செவ்வாய் அவள் வாய்விட்டு முனகியிருக்கிறாள். போக ஒருமுறை, வர ஒருமுறை. நான் அதையும் பிடுங்கிவிட்டேன்.

அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் வலிக்கவில்லை என்பாள், அதன்பிறகு காரிலும் அடக்கத் தொடங்கிவிடுவாள். அடுத்த திங்கட்கிழமை சாயங்காலம் அந்தக் கம்பிவலையைப் பெயர்த்து எறிந்தேன். அக்காவின் விளக்குமாற்றிலிருந்து நல்ல கனமான ஈர்க்குகளாகப் பார்த்து உருவி, காற்றாடி இதழில் படும்படி ஓட்டைக்குள் செருகினேன். சின்னப் பிள்ளைகள் சைக்கிள் சில்லில் அட்டையைச் செருகி ஓட்டுவார்களே, அதே வேலை. முதலில் பட்பட்டென்றது. இன்னும் இரண்டு ஈர்க்கு செருகியதும் பழைய அரிசி மில் திரும்பி வந்தது.

மறுநாள் சுவிட்சைப் போட்டதும் அவள் என்னைப் பார்த்தாள்.

"நானா செஞ்ச வேல அவ்வளவுதானா?"

"பழைய சாமான்தானே புள்ள. எத்தன நாளைக்குத் தாங்கும்?"

ஓட்டையில் துருத்திக்கொண்டிருந்த ஈர்க்கின் நுனியை அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என் முழங்கையை ஒருமுறை தொட்டாள். "இன்னுங் கொஞ்சம் கூட்டிப் போடுங்க" என்றாள். புளோவருக்கு இரண்டு வேகம். கூட்டிப் போட்டேன். பாலம் தாண்டி வளைவில் ஏறும்போது நான் ரோட்டை மட்டும் பார்த்தேன். அவள் முனகியிருப்பாள். எனக்குக் கேட்கவில்லை.

தை பிறக்கும் முன்னரே அவள் போய்விட்டாள்.

பிறகு ஒருநாள் அக்குறணைப் பக்கம் போனபோது, நான் நிறுத்துவதற்கு முன்னரே நானா சத்தத்தைக் கேட்டுவிட்டு ஓடிவந்தார். "என்ட வேல இப்பிடி ஆகாதே சேர்! எறங்குங்க, கழட்டிப் பாப்போம்." வேண்டாம் நானா, அப்படியே இருக்கட்டும் என்றேன். அவருக்கு முகம் சுண்டிவிட்டது. என்னவென்று விளக்குவேன் அவருக்கு?

வீட்டில் அக்கா இருக்கிறாள். ஆம்பள அழுதா வீடு தாங்குமா என்று என்னைப் பார்த்து அவள் கலங்குகிறாள். அவள் முன்னால் நான் சாப்பிடுவேன், பேப்பர் படிப்பேன், நன்றாயிருப்பேன். கண்டிக்குப் போகும்போது தென்னக்கும்புறப் பாலத்தைத் தாண்டியதும் புளோவரைக் கூட்டிப் போட்டுவிடுவேன். அப்புறம் அந்த ஏற்றம் முடியும் வரை வாய்விட்டு அழுவேன். பக்கத்து சீட்டில் யாராவது இருந்தால்கூட அவர்களுக்குக் கேட்காது.