தானாகப் பற்றிய துணிகள்

மரச்சாமான் பட்டறையில் எல்லோருக்கும் அவள் பாலிஷ் அக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்த முதலாளிகூட அப்படித்தான் கூப்பிடுவார். இருபத்திரண்டு வருடமாக நாற்காலிக் கைகளிலும் கட்டில் கால்களிலும் ஆளிவிதை எண்ணெயைத் துணியால் தேய்த்துத் தேய்த்து அவள் நகமெல்லாம் பழைய மரத்தின் நிறத்துக்கு வந்துவிட்டது. வலது கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. காலையில் வீட்டுக்காரர்தான் தலை பின்னி விடுவார். அந்தச் சடை எப்போதும் இடது பக்கமே இழுத்துக்கொண்டு நிற்கும். அவளும் அதைக் கேட்பதை விட்டுவிட்டாள்.

பட்டறையில் அவளுக்கு ஆகாத மனிதர் ஒருவர் உண்டென்றால் அது வாட்ச்மேன். சாயங்காலம் வாசலில் அவள் பையைக் கவிழ்த்துப் பார்க்காமல் விடமாட்டார்.

"உள்ள கட்டிலை மடிச்சு வச்சிருக்கேன், நல்லாத் தேடுங்க" என்பாள்.

அவர் முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. பத்து வருடத்தில் ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை.

இப்போது அந்த வாட்ச்மேனின் பிழைப்புதான் போகவிருந்தது. சனிக்கிழமை அரை நாள் வேலை. ஒரு மணிக்கு எல்லோரும் கிளம்பினார்கள். ஐந்து மணிக்குப் பாலிஷ் அறையிலிருந்து புகை வந்தது. வாட்ச்மேன் கதவைத் திறந்து, தனியாளாகத் தண்ணீர் ஊற்றி அணைத்தார். வலது கை வெந்துபோனது. நான்கு அலமாரிகள் கரியாயின. திங்கட்கிழமை காலை முதலாளி அவர் முன்னால் ஒரு தாளை நீட்டினார். 'சிகரெட்டை அணைக்காமல் போட்டுவிட்டேன்' என்று அதில் எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு மாலைக்குள் போய்விட வேண்டும். சாவி அவரிடம்தான் இருந்தது, அவர் சிகரெட் பிடிப்பவர், அதற்கு மேல் என்ன விசாரணை? காப்பீட்டுக்காரர்கள் கேட்டது தீக்கு ஒரு காரணம். முதலாளி தேடியது ஓர் ஆளை. சம்பளம் குறைந்த இடத்தில் அந்த ஆள் சீக்கிரம் கிடைத்துவிடுவார்.

தீயை மூட்டியது எது என்று பாலிஷ் அக்காவுக்குத் தெரியும்.

எண்ணெய் தேய்த்த துணிகளைக் கொடியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயப்போடுவது அவள் வழக்கம். சனிக்கிழமை மதியம் மேஸ்திரி வந்து முகம் சுளித்தார். "அடுத்த வாரம் பெரிய பார்ட்டி வர்றாங்கக்கா. இந்தக் கந்தலெல்லாம் கண்றாவியா தொங்குது. எதிலயாச்சும் அடைச்சு வைங்க." அவள் ஓர் அட்டைப்பெட்டியை எடுத்து, அத்தனையையும் காலால் மிதித்து அடைத்து மூடினாள்.

எதுவும் எரிய மூன்று வேண்டும்: எரியும் பொருள், காற்று, சூடு. முதல் இரண்டும் எங்கும் கிடக்கின்றன. மூன்றாவது வந்து சேராததால்தான் நாம் பிழைத்துக் கிடக்கிறோம். ஆளிவிதை எண்ணெய் காய்வது தண்ணீர் காய்வதைப் போல அல்ல. தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். இந்த எண்ணெய் எங்கும் போகாது. காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்து அதோடு சேர்ந்து இறுகும். அந்தச் சேர்க்கையில் சூடு பிறக்கும். துணியை விரித்திருந்தால் சூடு காற்றோடு போகும். குவித்திருந்தால் போக வழியில்லை. சூடு ஏற ஏற எண்ணெய் இன்னும் வேகமாக ஆக்சிஜனைப் பிடிக்கும், அதனால் இன்னும் சூடு ஏறும். கடைசியில் துணி பற்றிக்கொள்ளும். தீக்குச்சி கிழிக்க ஆளே தேவையில்லை.

எண்ணெய் டப்பாவின் அடியில் எறும்பு ஊர்ந்ததுபோல் இதை அச்சிட்டிருக்கிறார்கள். மேஸ்திரி படித்ததில்லை. அவள் படித்திருக்கிறாள். சனிக்கிழமை அதைச் சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால் அவர் எதிர்த்துப் பேசுவார், அதற்கு இவள் பதில் சொல்ல வேண்டும். தோள் விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. விட்டுவிட்டாள்.

தீப்பிடித்த சேதி வந்ததும், ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்த கொஞ்சம் ஆளிவிதை எண்ணெயில் நாலைந்து துணிகளை நனைத்து, மொட்டைமாடியில் பாத்திரத்தில் போட்டு, பற்றுகிறதா என்று பார்க்கப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "குளிர் காயறியா? வெயில் மண்டையப் பொளக்குது!" மாலைவரை ஒன்றும் நடக்கவில்லை. துணி போதாது, காற்று வேறு சூட்டை அள்ளிக்கொண்டு போயிற்று என்று அவளுக்குப் புரிந்தது. பேசாமல் இருந்துவிடலாமா என்ற நினைப்பும் அப்போது வந்தது. உண்மையைச் சொன்னால் அடுத்த கேள்வி, யார் அடைத்தது என்பதுதான்.

திங்கட்கிழமை, கட்டுப்போட்ட கையில் பேனா பிடிக்க முடியாமல் வாட்ச்மேன் தடுமாறுவதைப் பார்த்தாள். முதலாளி அறைக்குள் போனாள்.

"சாயங்காலம் வரைக்கும் பொறுங்க. தீ எப்படி வந்துச்சுன்னு கண்ணுக்கு முன்னால காட்டறேன்."

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். "உங்க திருப்திக்கு."

பத்து மணிக்கு முற்றத்தில் அட்டைப்பெட்டி வந்தது. இந்தத் தடவை துணிக்குக் கஞ்சத்தனம் காட்டவில்லை. மிதித்து அடைத்து மூடி, பக்கத்தில் இரண்டு வாளி தண்ணீரும் வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தாள்.

"அக்கா அடைகாக்கறாங்க. குஞ்சு பொரிச்சதும் சொல்லி அனுப்புங்க!" என்றார் மேஸ்திரி. பட்டறையே சிரித்தது.

பன்னிரண்டு மணிக்குப் பெட்டியின் பக்கவாட்டில் கை வைத்தாள். காய்ச்சல்காரன் நெற்றிபோல் இருந்தது. ஒன்றரைக்குக் காரமான நெடி மூக்கில் ஏறியது. சிரித்தவர்கள் வேலையை விட்டுவிட்டு ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். இரண்டரைக்கு மூடியின் இடுக்கில் புகை கசிந்தது. முதலாளியும் அறையிலிருந்து வெளியே வந்தார்.

"உள்ள என்னத்த வச்சீங்க?" என்று மேஸ்திரி மூடியைப் பிடித்து இழுத்தார்.

"தொறக்காதீங்க!" என்று அவள் எழுந்தாள்.

திறந்துவிட்டார். உள்ளே பழுத்துக் கிடந்த துணிகளுக்கு ஒரே வீச்சில் காற்று கிடைத்தது. முழ உயரத்துக்குத் தீ எழும்பியது. மேஸ்திரி பின்னால் பாய்ந்து முக்காலியோடு விழுந்தார். பாலிஷ் அக்கா இரண்டு வாளியையும் ஊற்றிவிட்டு முதலாளியைத் திரும்பிப் பார்த்தாள்.

அவர் வாட்ச்மேனின் தாளைக் கிழித்துப் போட்டார்.

"சரி, சனிக்கிழமை துணியை அடைச்சது யாரு?"

"நான்தான். அடைக்கச் சொன்னது மேஸ்திரி."

"சுத்தம் பண்ணத்தான் சொன்னேன்! இப்படிப் பத்தும்னு நான் என்ன கனவா கண்டேன்?"

"நீங்க காணல. எனக்குத் தெரியும். சொல்ல அலுப்பா இருந்துச்சு, சொல்லல."

முதலாளி அவளை அறைக்குள் கூப்பிட்டு ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் தள்ளினார். 'என் கவனக்குறைவால்' என்று தொடங்கச் சொன்னார். அவள் தன் பாட்டுக்கு எழுதினாள்: மேஸ்திரி சொன்னது, தான் அடைத்தது, எண்ணெய் காற்றோடு சேர்ந்து சூடானது. எழுத்து கோணியது, செய்தி கோணவில்லை.

"மேஸ்திரி பேர அடிங்க."

"அப்ப என் பேரையும் சேத்து அடிக்கணும். எண்ணெய் மட்டும் நிக்கட்டும்."

முதலாளி தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "நாளைக்கு வர வேண்டாம். சொல்லி அனுப்பறேன்."

அவர் அப்படிச் சொன்ன யாரும் திரும்ப வேலைக்கு வந்ததில்லை.

வாசலில் வாட்ச்மேன் வழியை மறித்து நின்றார். பையைத் தொடவில்லை.

"நான் உங்களக் கேக்கலையே" என்றார்.

"கேட்டிருந்தா செஞ்சிருக்க மாட்டேன்."

மூன்றரை மணிப் பேருந்தில் ஏறினாள். பாதி இருக்கைகள் காலியாகக் கிடந்தன. அந்த நேரத்தில் உட்கார இடம் கிடைக்கும் என்பது இத்தனை வருடத்தில் அவளுக்குத் தெரியாது. சன்னலோரம் உட்கார்ந்தாள், நிறுத்தம் வரும்முன் தூங்கிப்போனாள்.