கையெழுத்தில்லாத செய்தி

என் மேசைமேல் ஒரு சின்ன ரேடியோ இருக்கிறது. அதன் ஏரியல் பாதியில் முறிந்திருக்கிறது; முறிந்த இடத்தில் பச்சை நூல் இறுக்கிச் சுற்றப்பட்டிருக்கிறது. சுற்றியவர் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருபத்திரண்டு வருடம் தையல் மெஷின் போட்டிருந்த டெய்லர் பாய். ரவிக்கைக்குக் கொக்கி வைக்கும் அதே பொறுமை அந்த நூலிலும் தெரியும்.

நான் வானொலியில் முப்பது வருடம் செய்தி வாசித்தவன். மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்னால் உள்ள ஒரு சந்தில் வீடு. பாய் இங்கே மெஷின் போடுவதற்கு முன்பே என் குரல் அவருக்குப் பழக்கம். உருது படித்தவர், தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். "நீங்க சொன்னா கரெக்டா இருக்கும் சார், ரேடியோல சொன்னவராச்சே" என்பார். அதைக் கேட்பது எனக்குப் பிடித்திருந்தது.

நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. வாசிக்கக் கொடுக்கும் தாள் ஒவ்வொன்றின் மூலையிலும் செய்தி ஆசிரியரின் சுருக்கொப்பம் சிவப்பு மையில் இருக்க வேண்டும். இல்லாத தாளை நான் தொடமாட்டேன். ஒருமுறை ஒலிபரப்புக்கு இரண்டு நிமிடமே இருக்கும்போது, ஒப்பமில்லாமல் வந்த ஒரு மரணச் செய்தியைத் திருப்பி அனுப்பினேன். அந்த மனிதர் அதற்குப் பிறகு ஆறு வருடம் உயிரோடு இருந்தார். இதைப் பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். பாயிடமும் சொல்லியிருக்கிறேன்.

மனைவி இறந்த இரண்டாம் வருடம் தேர்தல் வந்தது. மகன் வெளிநாட்டிலிருந்து வாங்கி அனுப்பிய போனில் குடும்பக் குழு, ஓய்வுபெற்றோர் குழு, காலை நடைக் குழு என்று நாலைந்து குழுக்கள். எல்லாவற்றிலும் பயம்தான் வந்துகொண்டிருந்தது. எந்தத் தெருவில் கல் விழுந்தது, யாரை அடித்தார்கள், அடுத்து யார் வீட்டுக்கு வருவார்கள். பல் துலக்கும் முன்பே பார்ப்பேன். உள்ளங்கை வேர்க்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். தனியாக இருக்க முடியாமல் கீழே இறங்கி, பாயின் ஸ்டூலில் உட்கார்ந்து அவருக்கு வாசித்துக் காட்டுவேன். நிதானமாக, இடம்விட்டு, நிலையத்தில் வாசித்த அதே குரலில். வேறு மாதிரி வாசிக்க எனக்குத் தெரியாது. வாசித்து முடித்ததும் என் படபடப்பு கொஞ்சம் இறங்கும். இறங்கி யாரிடம் போயிற்று என்று நான் யோசித்ததில்லை.

ஒரு நாள் அந்தச் செய்தி வந்தது. வாடகை வீட்டில் இருப்பவர்கள் தகப்பனார் காலத்துக் காகிதம் காட்டாவிட்டால் வாக்காளர் பட்டியலில் பெயர் போகும், ரேஷன் கார்டும் போகும், மாதக் கடைசிக்குள் வீடுவீடாக வந்து ஆளை அழைத்துப்போவார்கள் என்று. பாய் காலை மிதிப்பலகையிலிருந்து எடுத்தார். யார் போட்டது என்று கேட்டார். எல்லாக் குழுவிலும் வந்திருக்கிறது என்றேன். அவருடைய தகப்பனாரின் காகிதங்கள், முன்பு வேளச்சேரியில் குடியிருந்தபோது வெள்ளத்தில் போய்விட்டவை. "இன்னொரு தபா படிங்க சார்" என்றார். படித்தேன். முன்னைவிடத் தெளிவாக.

மறுநாள் எனக்குத் தலை சுற்றியது. டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, போனை ஒரு வாரம் பூட்டி வையுங்கள், வேறு மருந்து பிறகு பார்க்கலாம் என்றார். துணி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். முதல் இரண்டு நாள் கை தானாகச் சட்டைப் பையைத் தடவியது. மூன்றாம் நாள் தூக்கம் வந்தது. காபிக்கு ருசி இருந்தது. நான்காம் நாள் செய்தித்தாளின் உள்பக்கத்தில் நாலு வரி: அப்படி ஓர் உத்தரவே இல்லை, பரவுவது பொய் என்று அதிகாரிகள் மறுத்திருந்தார்கள். பால்கனியில் உட்கார்ந்து படித்தேன். கீழே மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. பதினெட்டுப் படி இறங்கிச் சொல்லியிருக்க வேண்டும். இறங்கினால் மறுபடியும் அந்தப் பேச்சு, அந்தப் படபடப்பு. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன். மறுநாளும் அப்படித்தான்.

ஏழாம் நாள் மெஷின் சத்தம் இல்லை. இறங்கிப் பார்த்தேன். மெஷின் நின்ற இடத்தில் நான்கு கால் தடங்கள். ஸ்டூல்மேல் பாய் விட்டுப்போன இந்த ரேடியோ. எதிரே இஸ்திரி போடும் அம்மாதான் சொன்னாள். பாய் குடும்பத்தோடு ஆம்பூர் பக்கம் மச்சான் வீட்டுக்குப் போய்விட்டார். பெண் பிளஸ் டூ; பரீட்சைக்கு இரண்டு மாதம்கூட இல்லை. ஆட்டோவில் ஏறமாட்டேன் என்று அழுதிருக்கிறாள்.

"ஏன் பாய் இப்டி அவசரமா போறேன்னு கேட்டேன் சார். சார் ஒரு வாரமா கீழயே எறங்கல, வாயால சொல்ல முடியாத சேதி போலக்கீதுன்னுச்சு."

அவர் எண்ணுக்குக் கூப்பிட்டுப் பார்த்தேன். கிடைக்கவில்லை. எட்டு மாதம் கழித்து, பாய் ஊர் திரும்பி வேளச்சேரியில் ஒரு துணிக்கடையில் ஆல்டரேஷன் செய்கிறார் என்று அதே அம்மா சொன்னாள். ரயிலில் போனேன். வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டு எழுந்து நின்றார். எனக்கு டீ சொன்னார். நான்காம் நாளே அது பொய் என்று எனக்குத் தெரியும் என்பதையும், நான் இறங்கி வராததையும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். பெண் பரீட்சை எழுதினாளா என்று கேட்டேன்.

"இல்ல சார். பக்கத்துக் கடைல நிக்குது."

அவ்வளவுதான். கோபித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். துணிப்பையிலிருந்து ரேடியோவை எடுத்து நீட்டினேன். கையை நீட்டவில்லை அவர்.

"வேணாம் சார். அத்தப் போட்டா உங்க குரல்தான் நெனப்பு வருது."

இப்போது என்னிடம் இருப்பது பேச மட்டுமே ஆகும் போன். தினம் மாலையில் ஒரு முறை இந்த ரேடியோவில் செய்தி கேட்கிறேன். ஒரு பெண் வாசிக்கிறாள், நல்ல உச்சரிப்பு. மூலையில் ஒப்பம் பார்த்தாயா அம்மா என்று கேட்கத் தோன்றுகிறது. செய்தி முடிந்ததும் அணைத்துவிட்டு, கீழே சத்தம் வருகிறதா என்று கொஞ்ச நேரம் காது கொடுத்துக்கொண்டிருப்பேன். படிக்குக் கீழே இப்போது யாரோ பைக் நிறுத்துகிறார்கள்.