நீலக்கோடு வருது

அந்தக் கையுறைத் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் 'வருதக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயரைக் கேட்டால் பக்கத்தில் நிற்பவளுக்கே தெரியாது.

வேலை இதுதான். கூரையை ஒட்டி ஓடும் சங்கிலியில் நூற்றுக்கணக்கான பீங்கான் கைகள், விரல்கள் தரையைப் பார்க்கத் தொங்கிக்கொண்டு வரும். ரப்பர் பாலில் முங்கி, சூட்டறையில் காய்ந்து, மேலே ஒரு மெல்லிய தோலைப் போர்த்திக்கொண்டு பெண்கள் நிற்கும் வரிசைக்கு வந்து சேரும். மணிக்கட்டில் பிடித்து ஒரே இழு. தோல் கழன்று வந்துவிடும். அதுதான் கையுறை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் சில நாள் சோறு இறங்காது, கனவில்கூடக் கை உரிப்பார்கள். அப்புறம் எல்லாம் சரியாகிவிடும். மனுஷ ஜென்மத்துக்குப் பழகாதது என்று ஏதாவது உண்டா?

சில வருஷங்களுக்கு முன்னால், ஒட்டிக்கொண்டு வர மறுத்த ஒரு கையுறையை இவள் விடாப்பிடியாக இழுத்தாள். போனால் போகிறது என்று விட்டிருக்கலாம். விட்டால் அவள் எப்படி அவளாவாள்? அந்தப் பீங்கான் கை இவளுடைய இடது கையை இரும்புத் தடுப்போடு சேர்த்து வைத்து நசுக்கிவிட்டது. உயிர் போகிற அந்த நொடியிலும் அதன் மணிக்கட்டில் ஒரு நீலக்கோடு இருந்ததைப் பார்த்துவிட்டாள்.

மோதிர விரல் உடைந்தது. கட்டுப் போட்டார்கள், பிரித்தார்கள், எலும்பு கூடிவிட்டது என்று படம் எடுத்துக் காட்டினார்கள். எலும்பு கூடியது, வலி போகவில்லை. போர்வை உரசினால் எரியும், மின்விசிறிக் காற்று பட்டால் எரியும். கணவர் தெரியாமல் தொட்டுவிட்டால் வீடே அதிரக் கத்துவாள். கடைசியில் அந்தக் கையைக் கம்பளி உறைக்குள் போட்டு மூடிவிட்டாள். குளிக்கும்போது கழற்றினால்கூட அதன் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள், ஒற்றைக் கையால் உரித்துக்கொண்டிருந்தவளுக்குத் திடீரென்று விரல் தீப்பிடித்த மாதிரி எரிந்தது. "வருது! நீலக்கோடு வருது!" என்று கத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

பக்கத்தில் நின்றவள் வயதில் மூத்தவள், வரிசைக்கே சித்தி. "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்டி" என்று சிரித்தாள். ஆனால் சங்கிலி ஒரு சுற்று முடிந்ததும் மறுபடி எரிந்தது. அடுத்த சுற்றிலும் அதே. சித்தியின் சிரிப்பு அடங்கிவிட்டது.

அதற்குப் பிறகு அது அந்த வரிசையின் வழக்கமே ஆகிப்போனது. இவள் "வருது" என்றால் போதும், அத்தனை பேரும் ஓரடி பின்வாங்கித் தலையைக் குனிந்துகொள்வார்கள். உரிக்காமல் விட்ட நாலைந்து கைகள் தோலோடு ஆடியபடி அவர்களைக் கடந்து போகும். வரிசைக் கடைசியில் நிற்பவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அவற்றை உரித்துப் போடுவாள். நிமிர்ந்து பார்க்க ஒருத்திக்கும் துணிச்சல் இல்லை. போகிற சனியனை யாராவது முகம் பார்த்து அனுப்புவார்களா?

அவளால் இதற்கு மேல் முடியவில்லை. விரலை வெட்டி எடுத்துவிடுங்கள் என்று டாக்டர் டாக்டராக அலைந்தாள். எல்லோரும் கையை விரித்தார்கள், ஒருவர் மட்டும் சரியென்று தலையாட்டினார். திங்கட்கிழமை அறுவைச் சிகிச்சை.

பஸ் ஓட்டும் கணவர் கெஞ்சிப் பார்த்தார். "புடிச்ச முயலுக்கு மூணே கால்னு நிக்கிறியே. ஆஸ்பத்திரியில கைக்குப் பயிற்சி குடுக்கிற அந்தப் பொண்ணையாவது ஒரு தடவை பாரேன்."

ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் பொறுமையாகத்தான் சொன்னாள். "காயம் ஆறிடுச்சும்மா. வலி பொய்னு நான் சொல்லவே இல்ல, உங்களுக்கு நெஜமாவே வலிக்குது. ஆனா உங்களக் காப்பாத்துறதா நெனச்சுக்கிட்டு மூளையும் நரம்பும் இன்னும் 'ஆபத்து, ஆபத்து'ன்னு கூப்பாடு போடுது. கையப் பார்த்து, தொட்டு, கொஞ்சம் கொஞ்சமா அசைச்சுப் பழக்கினா அது அடங்க வழியிருக்கு. விரல வெட்டினாலும் வலி அங்கயே நிக்கலாம்மா."

"இல்லாத விரல் எப்படி வலிக்கும்? நான் பைத்தியம்னு நேராவே சொல்லிட்டுப் போயேன்!" என்று கதவை அறைந்து சாத்திவிட்டு வந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சங்கிலியைப் பராமரிக்கும் ஃபிட்டரைத் தேடிப் போனாள். தான் போனாலும் மற்ற பெண்கள் அங்கேதானே நிற்க வேண்டும் என்ற கரிசனம். "அண்ணே, நான் ஆபரேஷன் முடிஞ்சு வர்றதுக்குள்ள அந்த நீலக்கோட்டக் கழட்டிப் போட்டுடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"எந்த நீலக்கோடு?"

"என் கைய நசுக்கிச்சே, அதுதாண்ணே."

அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அத அன்னைக்கே கழட்டியாச்சேம்மா. விசாரணைக்கு ஆள் வருவாங்க, வெளிய மூச்சு விடாதேன்னு மேலாளர் சொன்னாரு. நான்தான் சுத்தியால ஒடச்சேன்."

பாய்லருக்குப் பின்னால் குப்பை மூலையில் சாக்கை விலக்கிக் காட்டினார். தூசு படிந்த பீங்கான் சில்லுகள். ஒரு துண்டில் நீலக்கோடு.

எப்படி நடந்து வந்து வரிசையில் நின்றாள் என்பதே அவளுக்குத் தெரியவில்லை. கைகள் வந்துகொண்டிருந்தன. மேலே வளைவில் சங்கிலியின் ஏதோ ஒரு கண்ணி, சுற்றுக்கு ஒரு தடவை இடிப்பதுபோல், 'டொக்' என்று இடித்தது. கையை நசுக்கிய அன்றும் அதே 'டொக்'தான் கேட்டது. அதைத் தொடர்ந்தாற்போல் கம்பளிக்குள் விரல் பற்றி எரிந்தது.

அவள் வாயையே திறக்கவில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு சித்தி, "வருதுடி" என்றாள். அத்தனை தலைகளும் குனிந்தன. இவள் மட்டும் நிமிர்ந்து பார்த்தாள்.

வெள்ளை. வெள்ளை. வெள்ளை. ஒன்றின் மணிக்கட்டிலும் கோடு இல்லை. ஒரு தவறும் செய்யாத சாதாரணக் கைகள், ஈரத்தோலோடு அசைந்தபடி அவள் முகத்துக்கு நேரே போயின. வலி மட்டும் துளிகூடக் குறையவில்லை. எலும்பு நொறுங்குவதுபோல் வலித்தது. பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. இல்லாத ஒன்று அவளைத் தேடி வந்து, பிடித்து, நசுக்கிவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. குனிந்த தலைகளுக்கு நடுவே அவள் ஒருத்தி தனியாக நின்று அழுதாள்.

வேலை முடிந்ததும் வாசலில் கணவர் வண்டியோடு நின்றார்.

"திங்கட்கிழமை வேண்டாங்க."

"ஏம்மா, பயமா இருக்கா?"

"பயந்தான். ஒடச்சுக் குப்பையில போட்ட கை, இன்னைக்கு மத்தியானம் வரைக்கும் தவறாம என்கிட்ட வந்துட்டுப் போகுது. வெட்டிப் போட்டா என் விரல் வராதா?"

அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கலவரத்தோடு அவள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"அங்க ஒண்ணுமில்லங்க, நான் பார்த்துட்டேன்" என்றாள். "அந்தப் பொண்ணுகிட்டயே கூட்டிட்டுப் போங்க."